எங்கள் மணலில் வெந்த கேக்

பொன்மலை ரயில்வே குடியிருப்பில் என் மகளின் தோழி வீடு இருக்கிறது. கிறிஸ்துமஸுக்குச் சில நாட்கள் முன்பு அங்கே கேக் மாவு கலப்பார்கள். அன்றைக்கு அந்த வீட்டுக்குள் யார் வந்தாலும் ஒருமுறையாவது கரண்டியைப் பிடித்துக் கிளறிவிட்டுத்தான் போக வேண்டும். தபால் கொடுக்க வந்தவரைக்கூடக் கிளற வைத்திருக்கிறார்களாம். தோழியின் அம்மா இரண்டு பெண்களும் படிக்கும் பள்ளியில் கணக்கு சொல்லிக் கொடுப்பவர். ஊரே அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடும், நானும் அப்படித்தான். ஸ்ரீரங்கத்தில் குடியிருப்பதால் நான் அவருக்கு மாமி. என்னைவிட இரண்டு வயது மூத்தவர் என்பதை அவரே சொல்லியிருக்கிறார், ஆனாலும் மாமிதான்.

போன வருஷம் முதல்முறையாக அந்த வீட்டுக்குப் பண்டிகைக்குப் போனோம். தட்டு வந்ததும் நான் கேட்ட கேள்வி, எங்கள் தெருவில் யாராக இருந்தாலும் கேட்டிருக்கக்கூடியது.

"முட்டை இல்லையே டீச்சர்?"

"உங்களுக்குன்னே தனியா பண்ணினது மாமி. முட்டையும் இல்ல, ரம்மும் இல்ல. தைரியமா சாப்பிடுங்க."

முட்டை சேர்க்காத கேக் வறண்டு உதிர்ந்துபோகும். அதனால் அக்ரூட் பருப்பை, அதாவது வால்நட்டை, நைசாகப் பொடித்து மாவில் கலந்திருந்தார். எங்களுக்கான கேக்கில் மட்டும். அக்ரூட் எங்கள் சமையலறைக்குள் வந்ததே இல்லை, என் மகள் அதுவரை அதைத் தின்றதும் இல்லை. இரண்டு வாய் சாப்பிட்டிருப்பாள். "அம்மா, நாக்கு அரிக்கறது" என்றாள். நான் தண்ணீர் குடிக்கச் சொன்னேன். அவள் உதட்டைப் பார்த்தபோது அது என் மகளின் உதடாக இல்லை. காது மடல்கள் சிவந்து தடித்திருந்தன. அப்புறம் அவள் மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது.

டீச்சரின் கணவர் ரயில்வே பணிமனையில் வேலை பார்ப்பவர். அவர்தான் ஸ்கூட்டரில் நடுவில் அவளையும் பின்னால் என்னையும் ஏற்றிக்கொண்டு, பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். ஊசி போட்டார்கள், பிழைத்தாள். இவ்வளவுதான் நடந்தது. எழுதும்போது நாலைந்து வரிகளில் முடிந்துவிடுகிறது. எனக்குள் அது முடியவில்லை. அன்றிலிருந்து அவள் எதை வாயில் வைத்தாலும் என் கண் அவள் காது மடலுக்குப் போய்விடும். அவள் பள்ளிப் பையில், சின்ன நீலப் பை ஒன்றில் அவசர ஊசி இருக்கிறது. போடக் கற்றுக்கொண்டோம், அவளும் நானும். சோதித்ததில் அக்ரூட் ஒன்றுதான் ஆகாது என்று தெரிந்தது. முந்திரி, பாதாம் போன்ற மற்ற பருப்புகளையும் இப்போதைக்குத் தள்ளி வையுங்கள் என்றார் டாக்டர். அந்த மார்கழியில், ஆண்டாளின் கூடாரைப் பாசுரம் பாடும் நாளில், எங்கள் வீட்டு அக்காரவடிசிலில் முந்திரி இல்லை. பொரித்த திராட்சை மட்டும் நெய்யில் மிதந்தது.

இப்படித் தள்ளி வைத்தே இருப்பது மகளுக்குப் போதவில்லை. போன ஐப்பசியில் ஒருநாள் கேட்டாள்.

"இந்த வருஷமும் டீச்சராத்துக்குப் போகலாமாம்மா?"

"போ. சாப்பிடாதே."

"கிறிஸ்துமஸுக்குப் போயிட்டு கேக் சாப்பிடாம வரணுமா? அதுக்குப் போகாமலே இருக்கலாம்." பிறகு, "அவ என்னைக் கூப்பிடறதுக்கே பயப்படறாம்மா. டீச்சரும் என் முகத்தப் பாக்கவே மாட்டேங்கறா" என்றாள்.

அவள் இழந்துகொண்டிருந்தது கேக்கை அல்ல என்று எனக்கும் புரிந்தது. ஆனால் புரிவது வேறு, விடுவது வேறு.

அந்த வாரமே டீச்சர் பஸ் ஏறி ஸ்ரீரங்கம் வந்தார். கூடத்தில் உட்கார்ந்தார். காபியைக் கையில் வாங்கிக் குடிக்காமல் வைத்துக்கொண்டு, மனப்பாடம் செய்து வந்ததைப் போலச் சொன்னார்.

"மாமி, இந்த வருஷம் கேக்கை நீங்க பண்ணுங்க. சாமான் எல்லாம் உங்க கடையில, உங்க கையால வாங்குங்க. பழத்தை உங்க வீட்டுலயே ஊறப்போடுங்க. பாத்திரம், கரண்டி, டின் எல்லாம் நீங்களே கொண்டு வாங்க. நான் பக்கத்துல உக்காந்து சொல்றேன். ஒண்ணையும் தொட மாட்டேன்."

"அப்ப அது உங்க வீட்டு கேக் எப்படி ஆகும்?" என்று கேட்டார் என் கணவர்.

"எங்க அடுப்புல வேகுதுல்ல சார்."

இப்படி ஓர் ஏற்பாட்டை யோசித்துக் கண்டுபிடிக்க ஒருவர் எத்தனை நாள் வருந்தியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. மறுக்க முடியவில்லை.

உலர்திராட்சை, பேரீச்சை, பூசணிக்காய் மிட்டாய், சர்க்கரைப் பாகில் ஊறிய இஞ்சி, ஆரஞ்சுத் தோல் ஆகியவற்றைப் பொடியாக நறுக்கி, பன்னீர் திராட்சைச் சாற்றில் ஊறவைத்தேன். ஊறுகாய் ஜாடிகளுக்கு நடுவே வைக்க மனம் வராமல் ஃப்ரிட்ஜில் வைத்தேன். மூடியைத் திறக்கும்போதெல்லாம் ஒரு கிறக்கமான இனிப்பு வாசனை சமையலறை முழுக்கப் பரவும். "தெருவுல யாராவது மோந்து பாத்துடப் போறா, நம்மளப் பத்தி என்ன நினைப்பா" என்றார் என் கணவர். ஆனால் தினமும் ஒருமுறை அவர்தான் திறந்து மோந்து பார்த்தார்.

டீச்சர் வீட்டில் வழக்கமாகக் கேக் டின்களைப் பேக்கரியின் விறகு அடுப்புக்குக் கொடுத்தனுப்புவார்கள். அங்கே ஊரிலுள்ள எல்லோர் வீட்டு டின்னும் ஒன்றாக வேகும். இந்த முறை அது வேண்டாம், பழைய முறையில் வீட்டிலேயே மணலில் வேகவைக்கலாம் என்று முடிவானது. தேக்சா என்னும் பெரிய பாத்திரத்தின் அடியில் மணலைப் பரப்பிச் சூடேற்றுவார்கள். அதன்மேல் ஒரு வளையம், வளையத்தின்மேல் டின். மூடிக்கு மேலே கொட்டாங்கச்சித் தணல். மேலும் கீழும் சூடு சமமாக வரும். பேக்கரிகள் வருவதற்கு முன்பு ரயில்வே குடும்பங்கள் இப்படித்தான் செய்தார்களாம். ஒரே மணலை டப்பாவில் போட்டு வைத்து வருஷா வருஷம் எடுப்பார்களாம்.

வருஷா வருஷம் அதே மணலா? எத்தனை கிறிஸ்துமஸ்களின் கேக் அதில் சிந்தியிருக்கும்? போனில் கேட்டேவிட்டேன்.

"டீச்சர், தப்பா நினைச்சுக்காதீங்க. அந்த மணலையும் மாத்திடலாமா?"

அந்தப் பக்கம் அவர் கணவரின் குரல் கேட்டது. "மணலையுமா?"

"நீங்க சும்மா இருங்க" என்று அவரிடம் சொன்ன டீச்சர், என்னிடம் சிரிக்காமல், "கொண்டு வாங்க மாமி. உங்க மணல்லயே வைப்போம்" என்றார்.

டின்னுக்குள் மணல் போகாது என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். தெரிந்தும் கொண்டு வாருங்கள் என்றார் பாருங்கள், அதற்காக அவரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்.

என் கணவர் காலையில் காவிரியில் குளிக்கப் போனபோது துணிப்பையில் மணல் அள்ளிக்கொண்டு வந்தார். நான் அதை நாலு தண்ணீரில் அலசி, மொட்டை மாடியில் வெள்ளை வேட்டி விரித்துக் காயப்போட்டேன். மார்கழி வெயில் வருவதே தாமதம், வந்தாலும் சூடு கிடையாது. அடுத்த வீட்டு மாமி அவர்கள் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"என்னடி, மார்கழில வடாம் போடறே?"

"வடாம் இல்ல மாமி. மணல்."

"மணலா? எதுக்கு?"

"கேக் பண்றதுக்கு."

"காலங்கார்த்தால எழுந்துண்டா தலை கிறுகிறுன்னுதான் இருக்கும். போய்க் காபி குடி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

கேக் கலக்கும் நாளன்று நாங்கள் வீடு காலி செய்பவர்களைப் போலப் பஸ் ஏறினோம். மாவு, சர்க்கரை, வெண்ணெய், தயிர், ஊறிய பழம், டின்கள், எல்லாவற்றுக்கும் மேலே மணல் பை. பொன்மலையில் வீட்டு வாசல்களில் காகித நட்சத்திரங்கள் தொங்கின. டீச்சர் வீட்டுச் சமையலறை அன்றைக்குத் துடைத்துக் காலியாக இருந்தது. அந்த மாதம் முழுக்க அவர்கள் வீட்டில் முந்திரி, பாதாம் என்று எந்தப் பருப்பும் வாங்கவில்லை என்று தோழி என் மகளிடம் கிசுகிசுத்தாள்.

டீச்சர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இரண்டு கைகளையும் மடியில் கோத்து வைத்துக்கொண்டார். கேக் வெந்து முடியும் வரை அவை பிரியவில்லை.

முதலில் சர்க்கரையைக் கருக்க வேண்டும். கேக்குக்கு அந்தக் கறுப்பு நிறத்தைத் தருவது இதுதான் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். கருகினால் பதறிப்போய் அடுப்பை அணைப்பவள் நான். இங்கே வேண்டுமென்றே கருக்கச் சொல்கிறார்கள். சர்க்கரை இளகிப் பொன்னிறமானது, தேன் நிறமானது, டிகாக்‌ஷன் நிறமானது.

"போதுமா டீச்சர்?"

"இன்னும்."

"புகையறது டீச்சர்!"

"புகையட்டும். இன்னும்... இன்னும்... இப்ப! வெந்நீரை ஊத்துங்க, முகத்தைத் தள்ளி வச்சுக்குங்க!"

வெந்நீர் பட்டதும் அது சீறி எழுந்து அடங்கியது. பாத்திரத்தில் காவிரி வெள்ளத்தைப் போல ஒரு செங்கறுப்பு நீர் நின்றது. கசப்புக்கு ஒரு நொடி முன்னால் நிறுத்திய இனிப்பு. அடுப்படியில் இருபது வருஷம் கழித்தவள் நான், இந்த வாசனையை அறிந்ததில்லை.

கலக்கும்போது டீச்சர் பேசிக்கொண்டே இருந்தார். அவருடைய தாத்தா காலத்தில் வெள்ளைக்கார அதிகாரிகள் வீட்டில் சமைத்தவர்கள் கற்றுக்கொண்டு வந்த பக்குவம் இது. அங்கே போட்ட பழங்கள் இங்கே கிடைக்காததால் பூசணி மிட்டாய் வந்தது, பப்பாளிக்காயைச் சாயம் ஏற்றி நறுக்கிய துண்டுகள் வந்தன. அதோடு ஏலக்காய் தானாகவே வந்து சேர்ந்துகொண்டது. இரவு வண்டி ஓட்டப் போகும் டிரைவர்களின் சாப்பாட்டுப் பெட்டியில் ஒரு துண்டு வைத்து அனுப்பினால், விழுப்புரம் தாண்டியும் அது பசி தாங்குமாம். எங்கிருந்தோ வந்த ஒரு பண்டத்தை வீட்டில் இருப்பதைப் போட்டுத் தங்களுடையதாக்கிக்கொண்ட அந்தப் பெண்களை நினைத்துக்கொண்டே கிளறினேன். பிறகு மகள் கிளறினாள், தோழி கிளறினாள், என் கணவரும் கிளறினார். டீச்சரின் கணவர் கையை இரண்டுமுறை சோப்புப் போட்டுக் கழுவி, உள்ளங்கையை என்னிடம் விரித்துக் காட்டிவிட்டுக் கிளறினார்.

"நீங்க கிளறலயா டீச்சர்?" என்றேன்.

"இல்ல மாமி. தொட மாட்டேன்னு சொல்லியிருக்கேன்."

எங்கள் மணல் தேக்சாவில் சூடேறியது. கேக் வேகும் நேரத்தில் இஞ்சி ஒயின் வந்தது. பெயர்தான் ஒயின், அதில் போதை ஏதும் கிடையாது. இஞ்சி, பட்டை, கிராம்பு, எலுமிச்சம்பழம், கருக்கிய சர்க்கரை. அதையும் என் கண் முன்னாலேயே காய்ச்சும்படி டீச்சர் தன் கணவரிடம் சொல்லியிருந்தார். சின்னக் கண்ணாடித் தம்ளரில் ஒரு வாய் குடித்தேன். தொண்டையில் சூடாக இறங்கி நெஞ்சில் நின்றது. ராம நவமிக்கு நாங்கள் கரைக்கும் பானகத்துக்குப் பனிக்காலத்தில் ஒரு அக்கா இருந்தால் இப்படித்தான் இருப்பாள்.

சாயங்காலம் மூடியைத் திறந்தார்கள். பெரிய டின்னைப் பண்டிகை வரை எடுத்து வைப்பதும், சின்ன டின்னைக் கிளறியவர்களுக்காக அன்றைக்கே வெட்டுவதும் அவர்கள் வீட்டு வழக்கம். முதல் துண்டை என் மகளின் தட்டில் நான்தான் வைத்தேன். என் கையால் வாங்கிய மாவு, என் கையால் நறுக்கிய பழம், நான் அலசிய மணல். அப்படியும் நீலப் பையைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டேன்.

அவள் சாப்பிட்டாள். மெதுவாக, பழத்தை நாக்கால் தேடித் தேடி.

"அம்மா, என் காதையே பாக்காதே."

"பாக்கலடி."

"பாக்கறே."

பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தற்செயலாகத் திரும்பியபோது டீச்சரும் அவள் காதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மடியில் கோத்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன. ஒரு வருஷமாக இந்தப் பயம் எனக்கு மட்டுமே உரியது என்று நினைத்திருந்தேன். தெருவில் யாரோ கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சி செய்துகொண்டு போனார்கள். மேஜையில் இல்லாத தூசியை டீச்சரின் கணவர் துடைத்தார். காது மடல்கள் காது மடல்களாகவே இருந்தன.

மகள் தட்டைக் காலி செய்துவிட்டு, இஞ்சி ஒயினையும் குடித்துவிட்டு, ரொம்ப நேரம் தோழியோடு கதை பேசிக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்தாள். அடுத்த தெருவில் இயேசு பிறந்த குடில் கட்டியிருக்கிறார்களாம், இரண்டு பேரும் பார்த்துவிட்டு வருகிறார்களாம். நான் எழுவதற்குள், "நீ வராதே, பையை எடுத்துண்டுட்டேன்" என்று நீலப் பையைத் தோளில் மாட்டிக் காட்டினாள். வாசலில் டீச்சரின் முன்னால் நின்றாள்.

"டீச்சர், போன வருஷத்து கேக்கவிட இது நன்னா இருக்கு."

டீச்சர் அவள் முகத்தைப் பார்த்தார். "உங்க அம்மா பண்ணினதுடி. நல்லா இல்லாம இருக்குமா?" என்றார்.

பெண்கள் இருவரும் போனபிறகு எனக்கு என் கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. போன வருஷம் என் தட்டிலிருந்த துண்டை நான் தொடாமலே ஓடியிருந்தேன். அந்தக் கேக் எப்படி இருக்கும் என்றே எனக்குத் தெரியாது. இப்போது ஒரு துண்டை எடுத்துக்கொண்டேன். கனமாக, ஈரமாக இருந்தது. முதலில் கருகிய சர்க்கரை, பிறகு இஞ்சி, கடைசியில் நாக்கின் ஓரத்தில் ஆரஞ்சுத் தோலின் சின்னக் கசப்பு. எழுந்து இன்னொரு துண்டை வெட்டி டீச்சரிடம் நீட்டினேன். அவர் மடியிலிருந்து கைகளைப் பிரித்து அதை வாங்கிக்கொண்டார்.

"மணலை எடுத்துட்டுப் போறீங்களா மாமி?" என்று உள்ளேயிருந்து அவர் கணவர் கேட்டார்.

"இங்கயே இருக்கட்டும்" என்றேன். "அடுத்த வருஷத்துக்கு வேணுமே."