மேரி அக்காவின் மணல்மூட்டை

செய்தி வந்தபோது நான் மேட்டுப்பாளையம் சாலையில் ஒரு ஜீப்பை ஓட்டிக்கொண்டிருந்தேன். துடியலூரைத் தாண்டி வேகம் எடுத்ததும் ஜீப் நடுங்கத் தொடங்கியது. காலுக்கடியில் தகரம் கிடுகிடுவென ஆடியது. பின்னால் பெஞ்சில் இருந்த, என் பட்டறைக்குப் பக்கத்துப் பட்டறைக்காரர்கள் பிடிக்கக் கம்பி தேடினார்கள். அந்த இரைச்சலில் கைப்பேசியை எடுத்தேன். பேசியது ரெஜினா, மாதா கோவிலில் பாடகர் குழுவை நடத்துகிறவர். எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை. "சத்தமாச் சொல்லுங்க அம்மணி" என்றேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு, அத்தனை பேர் நடுவில், அவர் அதைக் கத்திச் சொல்ல வேண்டியதாகிவிட்டது. "மேரியக்கா செத்துப்போயிட்டாங்கண்ணா!"

வண்டியை ஓரங்கட்டினேன். எஞ்சினை அணைத்தேன்.

மேரி அக்கா என்று நாம் எல்லோரும் கூப்பிட்ட ஆரோக்கியமேரியைக் கோவில்காரர்களான உங்களுக்கு உரத்த குரலாகத் தெரியும். ஜீப் வைத்திருப்பவர்களுக்கு வண்டியின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு செருப்புக் கால்களாகத் தெரியும். ஓர் ஆலையில் ஷாஃப்ட் பேலன்ஸ் செய்யும் பிரிவில் வேலை பார்த்துவிட்டு, என் பட்டறைக்குப் பக்கத்திலேயே சொந்த ஷெட் போட்டார். காட்டுக்கும் மலைக்கும் போகிறவர்கள் வண்டியை உயர்த்தித் தரச் சொல்லி என்னிடம் வருவார்கள். அச்சைத் தாங்கும் வில்பட்டையை மாற்றி நான் உயர்த்திக் கொடுப்பேன். உயர்த்தியதால் வரும் வம்பையெல்லாம் அக்கா தீர்த்துவைப்பார். "நீங்க தூக்கி உடுங்க, நான் பின்னாடியே வந்து சமாதானம் பேசறேன்" என்பார். இத்தனை வருடமும் எங்கள் தொழில் அப்படித்தான் நடந்தது.

வம்பு என்னவென்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோவது புரொப்பல்லர் ஷாஃப்ட் என்ற இரும்புக் குழாய். அதன் இரண்டு முனையிலும் மடங்கிச் சுழல கிராஸ் என்ற மூட்டு இருக்கும். வண்டியை உயர்த்தினால் ஷாஃப்ட் அதிகமாகச் சரியும், கிராஸ் அளவுக்கு மீறி மடங்கும். கியர்பாக்ஸின் முனையும் பின் அச்சின் மூக்கும் ஒரே திசை பார்க்காவிட்டால் நடுக்கம் பிடித்துக்கொள்ளும். நடுக்கம் கிராஸைத் தின்னும். ஒருநாள் ஷாஃப்ட் கழன்று ரோட்டில் குத்தும். அக்கா இதை ஒரே வரியில் சொல்லிவிடுவார். "மாமனாரும் மருமகனும் மாதிரிங்க. உசரம் வேற வேறயா இருக்கலாம், பாக்கற தெசை ஒண்ணா இருக்கோணும்." மாமனாரோடு பேச்சு நின்றுபோயிருந்த ஒரு வாடிக்கையாளர் இதைக் கேட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருக்கு அக்கா டீ வாங்கிக் கொடுத்தார்.

மூக்கைத் திருப்பப் பட்டைக்கும் அச்சுக்கும் நடுவே ஓர் இரும்பு ஆப்பு வைக்க வேண்டும். எவ்வளவு தடிமன் என்பதற்குக் கோணம் பார்க்கவேண்டும். எல்லாப் பட்டறையிலும் வண்டி காலியாக நிற்கும்போதே பார்த்துவிடுவார்கள். அக்கா ஒத்துக்கொள்ள மாட்டார். மலைக்கு வண்டி காலியாகவா போகிறது? பக்கத்துக்கு நாலு பேராகப் பின்பெஞ்சில் எட்டுப் பேர் உட்கார்ந்து, வண்டி அமுங்கிய பிறகுதான் கோண மீட்டரையே கையில் எடுப்பார். மூட்டைகளை ஏற்றிப் பார்த்துக்கொள்ளலாமே என்று ஒருமுறை கேட்டேன். "மூட்டை படுத்துக்கும். ஆம்பளைங்க கம்முனு இருக்கமாட்டாங்க, என்ன நடக்குதுன்னு குனிஞ்சு எட்டிப் பாப்பாங்க. பாடற பொம்பளைங்கதான் ஆடாம உக்காருவாங்க" என்றார்.

அதனால்தான் சனிக்கிழமை மாலைப் பாட்டுப் பயிற்சி அவருடைய ஷெட்டில், எவனோ ஒருவனுடைய ஜீப்பின் பின்பெஞ்சில் நடந்தது. முதல் தடவை பார்த்தபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பெண்கள் பாட்டுத்தாளை மடியில் வைத்துக்கொண்டு எதிரெதிராக உட்கார்ந்து பாடுகிறார்கள். அக்கா அடியில் படுத்தபடி கோணம் பார்க்கிறார். யாராவது தாளம் தப்பினால் கீழேயிருந்து ஸ்பேனரால் தரையை டக் டக்கென்று தட்டுவார். ஓட்டுநர் இருக்கையில் எடைக்காக உட்காருவது என் வேலை. "நீங்க பாட வேண்டாந்தம்பி, கனத்தா மட்டும் போதும்" என்பார்.

குழுவில் எட்டாவது ஆள் அக்காதான். அவர் அடியில் படுத்துவிட்டால் பெஞ்சில் ஓர் இடம் காலியாகிவிடும். அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். தன் எடைக்கு ஆற்றுமணலை ஒரு சாக்கில் நிரப்பி, அது படுத்துவிடாமல் பெஞ்சுக் கம்பியோடு சேர்த்து நிமிர்த்திக் கட்டுவார். ரெஜினா அதன் மடியிலும் ஒரு பாட்டுத்தாளை வைப்பார். ரெஜினாவின் கிண்டல் அது. "உங்களாட்டம் இது சுதி தப்பறதில்லீங்கக்கா."

இனி சொல்ல வேண்டியது ரங்கசாமியின் ஜீப்பைப் பற்றி. பவானிக்கு வடக்கே மலைமேல் இருக்கும் ஒரு சிற்றூர்க்காரர் அவர். ஊருக்கு இருக்கும் ஒரே வண்டி அவருடையது. ஆம்புலன்ஸ் அடிவாரம் வரைதான் வரும். போன மழையில் பாதை அரித்து, பாறைகள் தலைதூக்கி, ஜீப் அடிவயிறு தட்டி நின்றுவிட்டது. அந்தச் சமயத்தில்தான் அவர் தங்கையைப் பிரசவத்துக்குத் தொட்டில் கட்டித் தூக்கி வந்தார்கள். பாதி மலை இறங்குவதற்குள் தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை. இப்போது ரங்கசாமியின் மகளுக்கு மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. அடிவாரத்தில் கொண்டுபோய்த் தங்கவைக்கச் சொந்தம் கிடையாது. "எம்பொண்ணத் தொட்டில்ல தூக்கமாட்டேனுங்க" என்று சொல்லிவிட்டு, எப்படியோ இறக்கிக் கொண்டுவந்த ஜீப்பை என் பட்டறையில் விட்டுப்போனார். நான் உயர்த்தினேன். நடுக்கம் வந்தது. அக்கா வந்து சமாதானம் பேசவேண்டும், அவ்வளவுதான் பாக்கி.

அக்காவுக்குக் குடலில் வந்த நோயைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கடைசியாக அவர் ஷெட்டுக்கு வந்த அன்று படுத்து எழ உடம்பில் தெம்பில்லை. நாற்காலியில் உட்கார்ந்து ஜீப்பைப் பார்த்தார். பிறகு மூலையில் இருந்த சாக்கைப் பார்த்தார்.

"தம்பி, அதுல கொஞ்சம் மணல எடுத்துப்போடுங்க. நான் இப்ப அவ்வளவு இல்லீங்க."

"எதுக்குங்கக்கா? நீங்க தேறி வந்தா மறுக்கா யாரு அள்ளிப் போடறது?"

"பொய் எடை வெச்சாப் பொய்க்கோணந்தான் வரும்."

சரி என்று தலையாட்டினேன், மணலைத் தொடவில்லை. எப்படித் தொடுவேன்? அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, "எடுத்தீங்களா?" என்று கேட்டார். நான் குனிந்து அவர் போர்வையைச் சரிசெய்தேன். சிரிக்கப் பார்த்தார், இருமல் வந்துவிட்டது. "ரங்கசாமி வண்டி என்னாச்சுங்க?" என்றார். நடுங்குகிறது என்றேன். "பொண்ணுங்கள உக்கார வைங்க" என்றார். என்னிடம் அவர் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

எப்படி உட்காரவைப்பது? அந்தப் பெண்கள் முறைபோட்டு அவர் கட்டிலருகே விழித்திருந்தார்கள். அவர்களிடம் போய் ஜீப்பில் ஏறிப் பாடுங்கள் என்று எந்த வாயால் கேட்பேன்? பக்கத்துப் பட்டறை ஆட்களை உட்காரவைத்தேன். அக்கா சொன்னது அச்சுப் பிசகவில்லை. ஒருவர் குனிந்து எட்டிப் பார்த்தார், ஒருவர் ஃபோன் பேசக் குதித்து இறங்கினார், ஒருவர் அடியில் வந்து எனக்கே வழி சொன்னார். மீட்டர் முள் நிலைகொள்ளவில்லை. ஏதோ ஓர் எண்ணைப் பிடித்து ஆப்பு வைத்து, அவர்களையே ஏற்றிக்கொண்டு ஓட்டிப் பார்க்கப் போனபோதுதான் ரெஜினாவின் அழைப்பு வந்தது.

அடக்கம் முடிந்து வந்த பிறகு நான் பட்ட பாட்டை எழுத வெட்கமில்லை. தடிப்பான ஆப்பு வைத்தேன், மெல்லிய ஆப்பு வைத்தேன், திருப்பி வைத்தேன். ஒரு வேகத்தில் அடங்கும் நடுக்கம் இன்னொரு வேகத்தில் கிளம்பிவரும். புதிதாகப் போட்ட கிராஸ் சூடேறித் தீய்ந்த வாடை வந்தது. ரங்கசாமி தினமும் கூப்பிடுவார். மலைமேல் ஒரு பாறைமீது ஏறி நின்றால்தான் அங்கே சிக்னல். "ஆச்சுங்களா?" என்பார். இன்னும் இல்லை என்பேன். "சரிங்க" என்பார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்தச் சரிங்க என்னைக் கொன்றது. இப்படியே கொடுத்தனுப்பினால் இறக்கத்தில் ஷாஃப்ட் கழன்று ஒரு குடும்பமே போகும். கொடுக்காவிட்டால் தொட்டில்தான். எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தப் பெண்ணின் உயிர்தான் நின்றது. அக்காமேல் எனக்குக் கோபம்கூட வந்தது. இப்படி நட்டாற்றில் விட்டுப் போகலாமா என்று அவருடைய பூட்டிய ஷெட்டைப் பார்த்துத் திட்டிவிட்டு, பிறகு அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

முப்பதாம் நாள் பூசைக்கு ரங்கசாமியும் வந்திருந்தார். கோவிலுக்குள் எங்கே நிற்பது என்று தெரியாமல் கடைசித் தூணை ஒட்டி நின்றார். பூசை முடிந்து பெண்கள் வெளியே வந்ததும், நான் இத்தனை நாள் கேட்கத் துணியாததை அவர் நேராகப் போய்க் கேட்டுவிட்டார். கையைக் கூப்பினார்.

"அம்மணிகளா, எம்பொண்ணுக்கு மாசம் முடிஞ்சுபோச்சுங்க. எப்ப வேணா வலி வந்துரும். கொஞ்சம் வந்து அந்த வண்டியில உக்காந்து குடுங்க."

ரெஜினா என் பக்கம் திரும்பினார். "ஏனுங்கண்ணா, இதைக் கேக்கறதுக்கு இத்தனை நாளா?" என்றார். அந்த முகத்தில் கோபம் இருந்தது. அது நியாயம்தான்.

அக்காவின் ஷெட்டைத் திறந்து ஜீப்பை உள்ளே நிறுத்தினேன். துக்கத்துக்கு உடுத்திய வெள்ளைச் சேலையோடே ஏழு பெண்களும் ஏறினார்கள். சாக்கை நானும் ரங்கசாமியும் தூக்கி வைத்து நிமிர்த்திக் கட்டினோம். ஓட்டுநர் இருக்கையில் ரங்கசாமி உட்கார்ந்தார். பெண்கள் மேலே இருக்க நான் அடியில் படுத்தது அதுதான் முதல்முறை. ரெஜினா சாக்கின் மடியில் பாட்டுத்தாளை வைத்ததை நான் பார்க்கவில்லை. மேலே யாரோ விம்மியதில் தெரிந்துகொண்டேன்.

பாடத் தொடங்கினார்கள். நாலு வரிகூடப் போகவில்லை, தாளம் பிசகியது. பிசகியதும் எல்லோரும் நிறுத்திவிட்டார்கள். எதற்கு நிறுத்தினார்கள் என்று எனக்குப் புரியவில்லை. ஷெட் முழுக்கச் சத்தமே இல்லை. கீழேயிருந்து வரவேண்டிய தட்டலுக்காகக் காத்திருக்கிறார்கள் என்று அப்புறம்தான் உறைத்தது. எனக்குப் பாட்டும் தெரியாது, தாளமும் தெரியாது. கையில் இருந்த ஸ்பேனரால் தரையைத் தட்டினேன். டக் டக். மேலே ஓர் அழுகை வெடித்தது. அது அடங்கியதும் முதலிலிருந்து பாடினார்கள்.

ஒருவரும் அசையவில்லை. முள் நின்றது. கண்ணில் நீர் கோத்து எண் தெரியாமல், துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். கியர்பாக்ஸ் முனையில் ஓர் எண், பின் அச்சின் மூக்கில் ஓர் எண். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்கு ஆப்பைச் சீவி வைத்தேன். பெண்கள் இறங்காமலே இருக்க, மேட்டுப்பாளையம் சாலையில் ரங்கசாமி ஓட்டினார். வேகம் எடுத்தார், குறைத்தார், மறுபடி எடுத்தார். காலுக்கடியில் தகரம் சும்மா கிடந்தது.  கண்ணாடியில் பின்பெஞ்சைப் பார்த்துத் தலையைத் தாழ்த்தினார்.

அன்று மாலையே ஜீப் மலையேறியது. நான் சாப்பிடவும் இல்லை, ஓரிடத்தில் உட்காரவும் இல்லை. மூன்றாம் நாள் காலையில் அடிவாரத்து ஆஸ்பத்திரியிலிருந்து ரங்கசாமி பேசினார். "எறங்கிட்டோமுங்க. உள்ள கூட்டிட்டுப் போயிருக்காங்க." நான் அடுத்த அழைப்பு வரும்வரை கைப்பேசியைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். மதியம் கூப்பிட்டார். தாயும் நலம், பிள்ளையும் நலம். அதைக் கேட்ட கையோடு, யோசிக்காமல், மேரி அக்காவின் எண்ணை அழுத்திவிட்டேன். அணைத்துவைக்கப்பட்டிருப்பதாகக் குரல் சொன்னது. அந்தக் குரல் முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவரைத் தெரிந்தவர்கள் அவர் ஞாபகமாக ஆளுக்கொன்று வைத்திருப்பீர்கள். அவர் மீட்டரை அவர் வீட்டாரிடம் கொடுத்துவிட்டேன். எனக்கு வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டது அந்தச் சாக்கைத்தான். பட்டறை மூலையில் நிமிர்ந்து நிற்கிறது. நோய் தொடாத அன்றைய எடை. பொய் எடை என்று அவர் சொன்னது. ஒரு பிடி மணலும் நான் எடுக்கவில்லை, இனியும் எடுக்கமாட்டேன்.

வருகிற சனிக்கிழமை ஒரு வண்டி வருகிறது. பெண்கள் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நான்தான் அடியில் படுக்கவேண்டும். அதற்கு முன்னால், அக்காவைப் பெஞ்சில் நிமிர்த்திக் கட்டவேண்டும்.