மணிக்கு ஒரு டஜன், நாளுக்கு ஒரு குரோஸ்

பிசியோதெரபி என்பது, வலிக்கிற இடத்தில் கையை வைத்து 'இன்னும் கொஞ்சம்' என்று சொல்லும் தொழில். இதில் நல்ல பேர் எடுத்தவர்கள் யாராவது இருந்தால் எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள். எலும்பு முறிந்து கட்டுப் பிரித்தபின், என்னைப் போல ஒருத்தி சொன்ன பயிற்சியை மூன்று நாள் செய்துவிட்டு நான்காம் நாள் டிமிக்கி கொடுத்தவரா நீங்கள்? வெட்கப்படாதீர்கள். உங்களைப் போன்றவர்களோடுதான் என் காலமே ஓடுகிறது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு நாலைந்து வருஷம் சிவகாசியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தேன். தினமும் காலையில் விருதுநகரிலிருந்து பஸ். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் பட்டாசு வேலையில் கை வெந்தவர்கள். அவர்களில் என்னை அதிகம் படுத்தியவரும், நான் அதிகம் மதிப்பவரும் ஒரே ஆள்தான். பேச்சியம்மாள் அக்கா.

முந்தானைக்குள் ஒரு கை

அக்காவுக்கு ஏழாயிரம்பண்ணைப் பக்கம். சின்ன வயதில் தீப்பெட்டி ஒட்டியவர், பிறகு பட்டாசுக் கம்பெனியில் சரம் பின்னியவர். வேலை செய்த அறையில் தீப்பிடித்தபோது, பக்கத்தில் இருந்த பெண்ணை வெளியே இழுக்கப் போய் வலது கை வெந்துவிட்டது. அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள். அக்காவுக்கு மதுரையில் தோல் எடுத்து ஒட்டி அனுப்பினார்கள். புண் ஆறிவிட்டது, ஆறின தோல் இறுகி, விரல்கள் மடங்காமல் விறைத்து நின்றன.

முதல் நாள் கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். "கை சரியானா முதல்ல என்ன செய்யணும்?" என்று கேட்டேன். எல்லோரிடமும் கேட்பதுதான். வேலைக்குப் போகணும் என்பார்கள். இவர் வாசலில் நின்ற கணவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எங் கையால சோறு பெசஞ்சு திங்கணும் டாக்டரம்மா. அவுகதான் ஊட்டுறாக. பாவம், நல்லாத்தான் ஊட்டுறாக. ஆனா நான் ரசத்துக்கு ஏங்கிக்கிட்டு இருக்கையில அவுக கொழம்பையே பெசஞ்சுக்கிட்டு இருக்காக."

இருபது தடவை

ஒரு ஸ்பாஞ்சுப் பந்தைக் கொடுத்து, "வேளைக்கு இருபது தடவை அமுக்குங்க, மூணு வேளை" என்று சொல்லி அனுப்பினேன். அடுத்த வாரம் வந்தபோது கை பூரி மாதிரி உப்பியிருந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எத்தனை தடவை அமுக்கினீர்கள் என்றேன். காலையில் ரெண்டு குரோஸ், சாயந்திரம் ரெண்டு குரோஸ் என்றார், பெருமையாக.

குரோஸ் என்றால் பன்னிரண்டு டஜன், நூற்று நாற்பத்து நான்கு. தீப்பெட்டியை அந்தக் கணக்கில்தான் எண்ணுவார்கள். சின்ன வயதிலிருந்து அப்படி எண்ணிப் பழகிய கை அது. எனக்கு வந்த கோபத்தில் கத்திவிட்டேன். அவர் நிஜமாகவே குழம்பிப் போய் என்னைப் பார்த்தார்.

"நீங்க வாய் தவறிச் சொல்லிட்டீகன்னுல்ல நெனச்சேன்! இருபதெல்லாம் ஒரு வேலையா டாக்டரம்மா?"

கூறு போட்ட குரோஸ்

வீக்கம் வடியப் பத்து நாள் ஆனது. சாப்பாட்டு நேரத்தில் நர்ஸ் ஸ்டெல்லா சிஸ்டரிடம் புலம்பினேன். சிஸ்டருக்கு நாரணாபுரம், அவருடைய அம்மாவும் பெட்டி ஒட்டியவர். விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "கொறச்சுச் சொன்னா அவுக கேக்க மாட்டாக. அதே குரோஸ கூறு போட்டுக் குடுங்க" என்றார். நான் படித்த புத்தகத்தில் இது இல்லை. வேறு வழியும் இல்லை.

காலை ஏழு மணிக்கு ஒரு டஜன், எட்டு மணிக்கு ஒரு டஜன், இப்படியே சாயந்திரம் ஆறு மணி வரைக்கும். ஒவ்வொரு டஜனுக்கும் நடுவில் கைக்கு ஓய்வு. நாள் முடிகிறபோது சரியாக ஒரு குரோஸ், அதற்குமேல் ஒன்றுகூடக் கூடாது என்றேன். அக்கா மனதுக்குள் கூட்டிப் பார்த்தார். முகம் தெளிந்தது.

"இப்பத்தான் சொல்றபடி சொல்லியிருக்கீக. மொதல்லயே இப்பிடிச் சொல்றதுக்கு என்ன?"

கரண்டி

மூன்றாவது மாதம் விரல்கள் பாதி மடங்கின. அந்தத் தைரியத்தில் அக்கா தன் நாத்தனார் வீட்டுக் காதுகுத்துக்குப் போய்ப் பந்தியில் உட்கார்ந்துவிட்டார். இலையில் கை வைப்பதற்குள் நாத்தனார் ஓடிவந்து, அத்தனை பேர் பார்க்க, சாப்பிடுவதற்கென்று இலையோரம் ஒரு கரண்டியை வைத்தார். நல்ல மனதோடு செய்ததுதான். அக்கா அப்படியே எழுந்து வந்துவிட்டார்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் ஆளையே காணவில்லை. கணவர் மட்டும் வந்து நடந்ததைச் சொன்னார். இப்படியே விட்டால் விரல் பழையபடி விறைத்துவிடும், பிறகு நான் ஒன்றும் செய்ய முடியாது என்று அவரிடம் படபடத்தேன். அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டே பேசினார். அன்றைக்கு என் டிபன் பாக்ஸை நான் திறக்கவில்லை.

"எல்லாம் சொல்லிப் பாத்துட்டேன் டாக்டரம்மா. சோறே வேணாங்கிறா. ஊட்டப் போனா வாயத் தெறக்க மாட்டேங்கா."

மேஜை மேல் வைத்தது

அடுத்த திங்கட்கிழமை நான் போவதற்கு முன்பே அக்கா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பையிலிருந்து ஒரு கரண்டியை எடுத்து என் மேஜை மேல் வைத்தார். அன்றைக்குப் பந்தியில் கோபத்தில் எழுந்தபோது, இடது கையில் அதையும் எடுத்துக்கொண்டே வந்துவிட்டாராம்.

விரல்கள் ஏறக்குறைய பழைய இடத்துக்கே போயிருந்தன. மறுபடியும் முதல் டஜனிலிருந்து தொடங்கினோம். பந்து போதும் என்று ஸ்டெல்லா சிஸ்டர் தன் டிபன் பாக்ஸ் சோற்றை ஒரு தட்டில் கொட்டிவைத்தார். ஆரம்பத்தில் வாய்க்குப் போனதைவிடத் தரையில் சிந்தியதுதான் அதிகம். வலியில் அக்காவுக்குக் கண்ணீர் ஓடும். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு 'இன்னும் கொஞ்சம்' என்பேன். எனக்கே என் தொழில் மேல் வெறுப்பாக இருக்கும். போதும் என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை. கரண்டியை எடுத்துப் போகச் சொன்னபோதுதான் மாட்டேன் என்று தலையை ஆட்டினார்.

"அது இங்கனயே கெடக்கட்டும் டாக்டரம்மா. கை மடங்குற அன்னைக்கு நானே கொண்டுபோயி எங்க மதினி வீட்டுல வைக்கேன்."

கல்யாணப் பந்தி

ஏழெட்டு மாதம் கழித்து அதே நாத்தனாரின் மூத்த மகளுக்குக் கல்யாணம். முந்தின வாரம் அக்கா கரண்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டு, எனக்கும் சிஸ்டருக்கும் பத்திரிகை வைத்தார். பந்தியில் என்னைத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். சோறு வந்தது, சாம்பார் வந்தது. அக்கா முந்தானைக்குள்ளிருந்து கையை எடுத்தார். மெதுவாகப் பிசைந்தார். சுண்டுவிரல் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்காமல் நீட்டிக்கொண்டு நின்றது. உருட்டி, வாய்க்குக் கொண்டுபோனார். நாலு பருக்கை சிந்தியது, அவ்வளவுதான்.

எதிரே சாம்பார் வாளியோடு நாத்தனார் அசையாமல் நின்றார். அக்கா இரண்டாவது வாயையும் விழுங்கிவிட்டு, "மதினி, ரசம் கொண்டாங்க" என்றார். அவர் ஓடிப் போய் ரசத்தோடு வந்தார். ஊற்றும்போது பாதி இலைக்கு வெளியே போனது. கண்ணைத் துடைக்க அவருக்கு ஒரு கை ஒழியவில்லை. என் கண்ணையும் நீர் மறைத்தது. என் இலையில் வைத்தது வைத்தபடி இருந்தது. அக்கா அதைப் பார்த்தார். இடது கையால் பையைத் துழாவி, அந்தக் கரண்டியை எடுத்து என் இலையோரம் வைத்தார்.

"என்ன டாக்டரம்மா, அப்பிடியே உக்காந்துட்டீக? கை வரலையாக்கும்? இந்தாங்க, வெக்கப்படாமச் சாப்பிடுங்க."

எத்தனையோ பேர் கையை மடக்கிவிட்ட நான், அன்றைக்கு என் கையை இலைவரைக்கும் கொண்டுபோக அந்தப் பந்தி முடிகிற மட்டும் பயிற்சி எடுக்க வேண்டியிருந்தது.