மூச்சுத் துளையில் சந்தனம்

அசோகன் வியாசர்பாடி ஆள். ராயபுரத்தில் ராமசுப்பு அண்ணாச்சி நடத்திய ரெக்கார்டிங் ஸ்டுடியோவில் கம்ப்யூட்டர் ஹார்ட் டிஸ்க்குகளைப் பதிவுக்குத் தயார் செய்வது அவன் வேலை. அதற்கெல்லாம் தனியாக ஓர் ஆளா என்று கேட்பவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது. நான் அங்கே கீபோர்டு வாசித்தவன். பாட்டு உச்சத்துக்குப் போகும்போது டிஸ்க் திக்கினால் என்ன கதியாகும் என்று பார்த்திருக்கிறேன்.

புது டிஸ்க் வந்தால், அரை நாள் ஆனாலும் முழுக்க ஃபார்மேட் செய்வான். புரோகிராம்கள் பழைய டிஸ்க்கில், பாட்டு புதியதில். இரண்டையும் கலக்க விடமாட்டான். கடைசியாக, பாட வந்தவரையே பத்து நிமிடம் பேச வைத்து இரண்டு டிஸ்க்கிலும் பதிவு செய்து ஒப்பிட்டுப் பார்ப்பான். அப்புறம்தான் பாட்டு.

2003 ஆயுத பூஜை. வெக்கைக்காகக் கம்ப்யூட்டரின் பக்கத் தகடு கழற்றியே கிடந்தது. அண்ணாச்சி உள்ளே கையை விட்டுப் புது டிஸ்க்கின் மேல் தாராளமாகச் சந்தனம் அப்பி, குங்குமமும் வைத்தார். டிஸ்க்குக்குக் காற்று போய்வர மேலே ஓர் ஊசித் துளை உண்டு. மூடாதே என்று பக்கத்திலேயே ஆங்கிலத்தில் அச்சடித்திருக்கும். பொட்டு சரியாக அதன் மேல். அசோகன் பார்த்தான். அவன் வீட்டில் புத்தர் படம்தான், பூஜை கிடையாது. துடைத்தால் மனுஷன் தப்பாக எடுத்துக்கொள்வாரோ என்று சும்மா இருந்துவிட்டான்.

மறுநாள் பவுனம்மாள் வந்தார். காசிமேட்டில் இறால் உரிப்பவர், உரித்துக்கொண்டே சொந்தமாகப் பாட்டுக் கட்டுவார். தொண்டையில் கட்டி. மூன்று நாளில் ஆபரேஷன், அதற்குப் பிறகு குரல் இருக்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

“எம் புள்ள கப்பல்ல சமையலு பண்ணிகினு கீறான். வர ஆறு மாசம் ஆவும். அவன் வரசொல்ல என் கொரலு இருக்கணும் நைனா.”

ஐந்து பாட்டு பாடினார். நான் வாசிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டேன்.

மிக்ஸிங் முடித்துச் சி.டி. போடலாம் என்று நான்காம் நாள், பவுனம்மாளுக்கு ஆபரேஷன் ஆன மறுநாள், உட்கார்ந்தால், டிஸ்க் டிக் டிக் என்று அடித்து நின்றது. ரிச்சி தெரு கம்ப்யூட்டர் கடைகளில் இரண்டு பேர் பார்த்துவிட்டுக் கையை விரித்தார்கள். ஈரச் சந்தனம் துளைக்குள் இறங்கியிருந்தது.

“ஒரு வார்த்த சொல்லக் கூடாதாலே?” என்றார் அண்ணாச்சி.

“நீங்க எதுனா நெனச்சிக்குவீங்கன்னு…”

“நெனச்சா நெனச்சுட்டுப் போறேன். அந்தம்மாவுக்கு இப்ப என்ன சொல்ல?”

எனக்கு இரண்டு பேர் மேலும் ஆத்திரம். ஆஸ்பத்திரிக்கு அசோகன்தான் போனான். பொட்டு வைத்தது யார் என்று சொல்லவில்லை. “தொளைய மூடிகினு இருந்தத பாத்துட்டு வுட்டுட்டேம்மா” என்றான். பவுனம்மாள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஏப்ரலில் மகன் தண்டபாணி வந்தான். பக்கத்தில், கழுத்தில் துணி சுற்றிக்கொண்டு பவுனம்மாள். பாட்டு இல்லை என்று சொல்லிவிட்டு, பழைய டிஸ்க்கில் மிஞ்சியிருந்த பத்து நிமிடப் பேச்சை அசோகன் ஓடவிட்டான். இறால் விலை, தண்ணி லாரி வராதது, பக்கத்து வூட்டுச் சண்டை. பிறகு மகனுக்கு வசவு.

“லெட்டர் போட கையி நோவுதா ஒனக்கு? துன்னியா இல்லியா, அத்தயாச்சும் எழுதேன்டா.”

அம்மா பக்கத்தில் இருந்தும், தண்டபாணி ஸ்பீக்கரைப் பார்த்துத்தான் பதில் சொன்னான்.

“துன்னேம்மா.”