இடுப்பளவுத் தண்ணீர்

அந்த மலை ஆற்றுப் பயணத்துக்கு என்னைத் தலைவனாக்கியது என் ஊர்தான். மீஞ்சூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் எங்கள் ஷிப்டில் ஆறு பேர். ஒரு நாள் சாப்பாட்டு வேளையில் ஒருவன் போனில் வீடியோ காட்டினான். பாறைகளுக்கு நடுவே நுரைத்து இறங்கும் ஆறு. ஒற்றை ஆள் உட்காரும் குட்டிப் படகுகளில் கத்திக்கொண்டே போகும் நம் வயதுக்காரர்கள். கயாக்கிங். மழைக்காலத்தில் ஒரு சனி, ஞாயிறு கேரளா போய்வரலாம் என்று அங்கேயே முடிவானது. யார் ஏற்பாடு செய்வது என்று பேச்சு வந்ததும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"பழவேற்காட்டுக்காரன் இருக்கும்போது வேற யாரு? தண்ணியிலயே பொறந்தவன்டா இவன்."

நான் மறுக்கவில்லை. அன்றிலிருந்து எனக்குக் கேப்டன் என்று பெயர். அது பிடித்தும் இருந்தது. எங்கள் குப்பத்தில் எனக்கு வேறு அடையாளம். அங்கே நான் தப்பித்து வந்தவன்.

மூன்று வருடங்களுக்கு முன், முகத்துவாரத்தில் எங்கள் படகு கவிழ்ந்தது. ஏரி கடலோடு சேருகிற அந்த வாயில் மணல் மேடிட்டு, அலை குறுக்கே உடைந்துகொண்டிருந்தது. படகில் அண்ணனும் நானும் மட்டும். நான் அன்றே மணலில் ஒதுங்கினேன். அண்ணன் மறுநாள் ஒதுங்கினான். அதன் பிறகு நான் தண்ணீரில் கால் வைக்கவில்லை. பஸ் பிடித்து வேலைக்குப் போகிற ஆளாகிவிட்டேன். தொழிற்சாலையில் இது யாருக்கும் தெரியாது.

பயணம் நடத்துகிறவர் போனில் ஒரு படிவம் அனுப்பினார். நீச்சல் தெரியுமா, தண்ணீரில் விபத்து ஏதும் நேர்ந்திருக்கிறதா, பயம் உண்டா என்று கேள்விகள். தெரியாது என்றால் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள் என்று தோன்றியது. ஆறு பேருக்கும் நானே நிரப்பினேன். எல்லோருக்கும் நீச்சல் தெரியும். யாருக்கும் விபத்து இல்லை. யாருக்கும் பயம் இல்லை. என் பெயருக்கு நேரே "இல்லை" என்று அழுத்தும்போது விரல் தயங்கியதா என்று இப்போது யோசித்தால், இல்லை, தயங்கவில்லை. சுலபமாகத்தான் இருந்தது.

வருவதற்கு முன் கொஞ்சம் பழகிக்கொண்டு வாருங்கள் என்று அவர் சொல்லியிருந்தார். உன் ஊரில்தான் ஏரி இருக்கிறதே என்று நண்பர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை பொன்னேரியில் பஸ் ஏறி வந்து இறங்கிவிட்டார்கள். சென்னையில் வாடகைக்கு எடுத்த லைஃப் ஜாக்கெட்டுகளும் ஒரு பிளாஸ்டிக் கயாக்கும் வேனில் வந்தன. ஏரியில் தண்ணீர் வற்றியிருந்த நேரம். வெகுதூரம் போனாலும் இடுப்புக்கு மேல் ஏறாது. கொஞ்சம் தள்ளி நாலைந்து பெண்கள், பனையோலையில் முடைந்த பறிக்கூடையைப் பல்லில் கவ்விக்கொண்டு, குனிந்து சேற்றில் கையால் இறால் தடவிக்கொண்டிருந்தார்கள்.

நானும் இறங்கினேன். கேப்டன் கரையில் நிற்க முடியாதே. முழங்கால் நனைந்ததும் கை நடுங்க ஆரம்பித்தது. ஒவ்வொருவருடைய ஜாக்கெட் வாரையும் இழுத்துப் பார்ப்பது என் வேலை. எங்கள் ஆறு பேரில் ஒரே பெண், தரம் பார்க்கும் பிரிவில் இருப்பவள், என் முன்னால் வந்து நின்றாள். நடுங்கும் கையை அவள் பார்த்துவிடுவாளோ என்று, தொடாமலே "ஓகே" என்றேன்.

அவள் ஏறி உட்கார்ந்த கயாக் கவிழ்ந்தது. கவிழ்ப்பதுதான் பயிற்சியே. ஆனால் தளர்ந்திருந்த ஜாக்கெட் மேலேறி அவள் முகத்தை மூடிக்கொண்டது. கால் சேற்றில் வழுக்கியது. எழுந்து நின்றால் போதும் என்பது அவளுக்குத் தெரியவில்லை. ஒரு கை தண்ணீருக்கு மேல் என் பக்கமாக நீண்டது. இரண்டு எட்டுத் தூரம். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். என் உடம்பு என்னுடையதாக இல்லை.

இறால் தடவிக்கொண்டிருந்த ஒரு பெண்தான் விரைந்து வந்து, அவள் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள். பறியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "நில்லும்மா, நில்லு. ஒண்ணும் இல்ல" என்றாள். பிறகு திரும்பிப் போய்க் குனிந்துகொண்டாள்.

மற்றவர்கள் சிரித்தார்கள். அவளும் இருமிக்கொண்டே சிரித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நீங்க பக்கத்துலதானே நின்னீங்க?"

"கால் சேத்துல மாட்டிக்கிச்சு" என்றேன். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

விஷயம் எனக்கு முன்னால் வீட்டுக்குப் போயிருந்தது. அண்ணன் போன பிறகு பொன்னேரி மார்க்கெட்டில் மீன் விற்றுத்தான் அண்ணி காலம் தள்ளுகிறாள். சாயங்காலம் காலி அன்னக்கூடையை இறக்கி வைத்தவள், உட்காராமலே கேட்டாள்.

"ஆத்துக்குப் போறியாமே?"

"ஆமா அண்ணி."

"நீ தண்ணில எறங்கி மூணு வருசம் ஆச்சினு அவங்ககிட்ட சொன்னியா?"

நான் கூடையை எடுத்து ஓரமாக வைத்தேன்.

"உங்கண்ணன் போனதப் பத்தி இன்னிவரிக்கும் உன்ன ஒரு வார்த்த கேட்டதில்ல. நீ தாங்க மாட்டனு வுட்டேன். இப்ப கேக்கறேன். அந்தப் பொண்ணுக்கு எதுனா ஆயிருந்தா அவங்க ஊட்டுக்கு யாரு போயி சொல்றது? அன்னிக்கி எங்கிட்ட வந்து சொன்னதும் நீ இல்ல. எவன் எவனோ வந்து சொன்னான்."

உண்மைதான். அன்று நான் வலைக் கொட்டகைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். அண்ணியின் அலறல் அங்குவரை கேட்டது. எழுந்து போகவில்லை.

அன்றே எங்கள் வாட்ஸ்அப் குழுவில் எல்லாவற்றையும் எழுதினேன். படகு, அண்ணன், படிவம். "சொல்லியிருக்கலாமே ப்ரோ" என்று இரண்டு பேர் போட்டார்கள். அந்தப் பெண் மட்டும் போன் செய்தாள்.

"எனக்கும் நீச்சல் தெரியும்னு போட்டீங்களா?"

"போட்டேன். தப்புதான்."

"என்னைக் கேக்கவே இல்லையே நீங்க" என்றாள். வைத்துவிட்டாள்.

அவள் போகவில்லை, நானும் போகவில்லை. மற்ற நால்வர் வேறொருவன் ஏற்பாட்டில் போனார்கள். அங்கே பெருமழை. ஆற்றில் வெள்ளம் என்று யாரையும் இறக்கவில்லையாம். கரையில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பினார்கள். அடுத்த மாதம் அவள் ஷிப்ட் மாற்றி வாங்கிக்கொண்டாள். கேப்டன் என்று யாரும் கூப்பிடுவதில்லை. கேலிக்காகக்கூட இல்லை.

அண்ணியிடம் அந்த நாளை முழுதாகச் சொல்ல எனக்கு இன்னும் பல வாரங்கள் பிடித்தன. ஒரு ஞாயிறு மத்தியானம் அவள் மீன் ஆய்ந்துகொண்டிருக்கும்போது எதிரே உட்கார்ந்து சொன்னேன். அலை எந்தப் பக்கம் அடித்தது, அண்ணன் கடைசியாக என்ன கத்தினான், கேட்டும் நான் ஏன் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் கை நிற்கவே இல்லை. முடித்ததும், "சரி" என்றாள். மன்னித்தாளா என்று நான் கேட்கவில்லை. சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.