ஜெபக்காரி சொன்ன ‘இல்லை’

அகாத்தா வீன்ஸ் தினமும் காலை ஐந்து மணிக்கு முழங்கால் போடுவாள். முழங்காலுக்கு அது பிடிக்காது. அறுபத்தேழு வயது முழங்கால். கூட்டுப்பண்ணையில் இருபத்தாறு வருடம் மாட்டுக்கடியில் மடங்கி உட்கார்ந்து பால் கறந்த முழங்கால். இருந்தாலும் விடமாட்டாள். அவள் கேட்பது ஒரே ஒரு காரியம்: கொர்னி மறுபடி பேச வேண்டும். ஆறு வருடமாக இதே விண்ணப்பம். சர்க்காருக்கு மனுப் போட்டால்கூட ‘ஆகாது’ என்று ஒரு கடுதாசியாவது வரும். இவளுக்கு அதுவும் வரவில்லை.

கொர்னி என்கிற கொர்னேலியுஸ் அவளுடைய புருஷன். சபையில் பாட்டு நடத்தியவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை பாட்டின் நடுவில் கையைத் தூக்கியவர், தூக்கிய கையோடு சரிந்தார். வலது பக்கம் செத்துப்போயிற்று. பேச்சில் ஒரே ஒரு சொல்தான் மிஞ்சியது. ‘இல்லை.’ பசிக்கிறதா என்றால் ‘இல்லை.’ பசிக்காவிட்டாலும் ‘இல்லை.’ கிண்ணத்தை வழித்துத் தின்றுவிட்டு, இன்னும் வேண்டும் என்பதற்கும் ‘இல்லை.’ குரலைப் பார்த்து அர்த்தம் பிடிக்க வேண்டும். வாதம் வந்தவர்களில் சிலருக்கு இப்படி ஒரு சொல் மட்டும் நாக்கில் ஒட்டிக்கொள்ளும், ஏன் அந்தச் சொல் என்று யாராலும் சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

ஏன் என்று தனக்குத் தெரியும் என்று அகாத்தா நினைத்தாள். அவரைக் குளிப்பாட்டி, புரட்டி, துணி மாற்றி, அடுப்புக்குக் கரி அள்ளி, மாட்டைக் கட்டி, நாள் முழுவதும் அந்தச் சொல்லைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தடவையும் அது அவளைக் குத்தியது. ஏனென்றால் அது அவள் சொன்ன சொல்.

பதினோரு வருடத்துக்கு முன்னால், ஒரு ஜூலை மாதம். மலையில் அந்த வருடம் பனி குறைவு. வாய்க்காலில் கணுக்கால் தண்ணீர்தான் ஓடியது. ஊர் முறை வைத்துப் பாய்ச்சியது. மடைப்பலகையைத் தூக்குவதும் இறக்குவதும் நீர்பாய்ச்சி ஷார்ஷெனின் பொறுப்பு. வேறு யார் கை வைத்தாலும் குற்றம். அன்றைக்குக் கீழத்தெருவின் முறை. அகாத்தாவின் வீடு மேலத்தெருவில், மடைக்கு ஒட்டிய வேலி. அவள் தோட்டத்தில் நாற்பது முட்டைக்கோஸ் தலை தொங்கி நின்றது.

அவை தின்பதற்கல்ல. செப்டம்பரில் சபையின் அறுப்புப் பண்டிகைக்கு மேடையில் அடுக்குவதற்கு. இருநூறு ஜெர்மன் வம்சத்துக் குடும்பம் இருந்த சபையில், பூர்வீகம் தேடி ஜெர்மனிக்குப் போனவர்கள் போக ஒன்பது குடும்பம்தான் மிச்சம். அவளுடைய மூன்று பிள்ளைகளும் அங்கேதான். ஆள் குறைந்தாலும் மேடை குறையக் கூடாது என்று அவளுக்கு ஒரு வைராக்கியம். ‘வீன்ஸ் வீட்டு கோஸ்’ என்றால் சபையில் தனிப்பேர். வைராக்கியம் என்று அவள் சொல்லிக்கொண்டாள். நாம் பெருமை என்று சொல்லுவோம்.

மேல்மதகில் குப்பை அடைத்ததென்று ஷார்ஷென் மலையடிவாரத்துக்குப் போயிருந்தான். நல்ல மத்தியானம், தெருவில் ஈ காக்கை இல்லை. அகாத்தா ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு போய்ப் பலகையைத் தூக்கினாள். அரைமணி நேரம் விட்டு இறக்கிவிடலாம் என்பது திட்டம். பலகை சிக்கிக்கொண்டது. மேலே ஏறி மிதித்தும் இறங்கவில்லை. பயந்துபோய் வீட்டுக்குள் வந்துவிட்டாள். சாயங்காலம் வரை தண்ணீர் மேலத்தெரு முழுவதும் பாய்ந்தது. கீழத்தெருவுக்கு அடுத்த முறை வர ஒன்பது நாள். அதற்குள் அவர்களுடைய உருளைக்கிழங்குச் செடி காய்ந்து சருகாகிவிட்டது.

பள்ளிக்கூட முற்றத்தில் ஊர் கூடியது. மேலத்தெருக்காரன் யாரோ ஒருவனிடம் ஆடு வாங்கிக்கொண்டு ஷார்ஷென்தான் திறந்துவிட்டான் என்று பேச்சு. அவன் ஒரு முழு ரொட்டியை இரண்டு கையாலும் ஏந்தி நின்றான்.

“பொய்னா இந்த ரொட்டி என் கண்ணைக் குருடாக்கட்டும். நான் தொடலை.”

ஊர்த்தலைவர் அகாத்தா பக்கம் திரும்பினார். “அகாத்தாக்கா, மடை உங்க வேலியோரம். வேற யாராச்சும் அங்க வந்ததப் பாத்தீங்களா?”

“இல்லை,” என்றாள் அகாத்தா.

அவ்வளவுதான் அவள் சொன்னது. அவளுடைய சபையார் சத்தியம் செய்யமாட்டார்கள், சொன்னால் சொன்னதுதான். அது ஊரின் முஸ்லிம் வீடுகளுக்கும் தெரியும். ஜெபக்காரி வாயில் பொய் வராது என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். ரொட்டி மேல் அடித்த சத்தியம் தோற்று, வெறும் வாய்ச்சொல் ஜெயித்தது. ஷார்ஷெனின் வேலை போயிற்று. அன்றிலிருந்து ஊரார் ஆடுகளை மேய்க்கிறான்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். இவள் நாற்பது முட்டைக்கோஸை மேடையில் வைத்தே மறைத்தாள். ஒவ்வொன்றும் ஆட்டுக்குட்டி அளவு என்று எல்லாரும் மெச்சினார்கள்.

கொர்னிக்கு மட்டும் தெரியும். அன்று பூட்ஸில் இருந்த சேற்றை அவர் பார்த்திருந்தார். சத்தம் போடவில்லை. மாதத்தின் முதல் ஞாயிறு சபையில் அப்பம் பிட்கிற நாள், “எல்லாருக்கும் எல்லாரோடும் சமாதானமா?” என்று மூப்பர் கேட்ட பிறகுதான் தட்டு வரும். அந்த ஞாயிறுகளில் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, “ஷார்ஷென்கிட்ட போய்ச் சொல்லிட்டு வா, அகாத்தா,” என்பார். அவள் தலைமுடியைப் பின்னிக்கொண்டே, “அடுத்த மாசம்,” என்பாள். ஐந்து வருடம் இப்படிப் போயிற்று. பிறகு அவர் பேச்சு போயிற்று.

போன இலையுதிர்காலத்தில் மூப்பர் இசாக் பிரசங்கத்தில் சொன்னார்: “உள்ளே ஒண்ண மூடி வச்சுக்கிட்டு ஜெபம் பண்ணினா, அது கூரையைத் தாண்டாது.” அகாத்தா தலையைத் தூக்கி, சபைக் கூரையையே பார்த்தாள். ஆறு வருட ஜெபமும் அங்கே ஒட்டடையோடு தொங்குவதாகத் தோன்றியது. மறுநாளே கிளம்பிவிட்டாள்.

ஷார்ஷென் வீடு ஊரின் கடைசியில். அவன் வேலிக்கம்பு அடித்துக்கொண்டிருந்தான். அவள் நின்றபடியே எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். அவன் சுத்தியலைக் கீழே வைத்தான்.

“நீங்கதான்னு எனக்கு அன்னைக்கே தெரியும்க்கா. பலகையில ரப்பர் பூட்ஸ் தடம். இந்த ஊர்ல பொம்பளைங்கள்ல வேற யாரு பூட்ஸ் போடுறா?”

“அப்ப ஏன் சொல்லல, தம்பி?”

“சொன்னா யாரு நம்புவா? ஜெபக்காரிய விட்டுட்டு ஆடு தின்னவன நம்புவாங்களா?” அவன் சிரித்தான். “சரி, பதினோரு வருஷம் கழிச்சு என்ன திடீர்னு?”

அகாத்தா உண்மையைச் சொன்னாள். அன்றைக்குப் பொய் சொல்லத் தெம்பில்லை. “இத மூடி வச்சிருந்தா ஜெபம் மேல போகாதாம். கொர்னி பேசணும் தம்பி. அதுக்காகத்தான்.”

ஷார்ஷெனின் மனைவி அனார்கான், வழக்கப்படி ரொட்டித் தட்டோடு வாசலுக்கு வந்தாள். வாசலுக்கு வந்தவர்கள் யாராக இருந்தாலும் ஒரு துண்டு வாயில் வைக்காமல் அனுப்புவதில்லை. அடித்துக்கொண்ட பங்காளியைக்கூட அனுப்புவதில்லை. ஷார்ஷென் கையைக் காட்டி அவளை உள்ளே போகச் சொன்னான்.

“நீங்க என்கிட்ட வரலைக்கா. என் வழியா வேற எங்கயோ போறீங்க,” என்றான். “ஊரக் கூட்டி வச்சுச் சொன்ன பொய்ய என் வேலியோரம் வந்து குசுகுசுன்னு சொல்றீங்க. போயிட்டு வாங்க.”

அகாத்தா வெறும் வாயோடு திரும்பி நடந்தாள். அவமானம்தான். ஆனாலும் சொல்லியாயிற்று, இனி தடை இல்லை என்று ஒரு நம்பிக்கை. மறுநாள் காலை கொர்னியின் படுக்கையருகே உட்கார்ந்து, “எப்படி இருக்க?” என்று கேட்டாள்.

“இல்லை,” என்றார் கொர்னி.

ஒரு வாரம் பார்த்தாள். ஒரு மாதம் பார்த்தாள். பனி விழுந்தது. அவளுக்குக் கர்த்தர் மேல் கோபம் வந்தது. இன்னும் என்ன வேண்டுமாம், அவள்தான் போனாளே! கோபப்படவும் தெம்பு வேண்டும். அதுவும் சீக்கிரம் தீர்ந்துபோய், அசதி மட்டும் மிஞ்சியது.

ஜனவரியில் ஒரு நாள் காலை, வெந்நீர்த் தொட்டியில் அவருடைய காலைக் கழுவிக்கொண்டிருந்தாள். நகம் வெட்ட வேண்டும், கரி அள்ள வேண்டும், மாடு வேறு கத்துகிறது என்று மனம் எங்கெங்கோ ஓடியது. அப்போது, கேட்காமலே, அது வாயில் வந்துவிட்டது.

“கொர்னி, நீ விழுந்த அன்னைக்கு டாக்டர் இனிமே பேச்சு வராதுன்னு சொன்னார்ல. நான் அழுதேன். எல்லாரும் பாத்தாங்க.” துணியைப் பிழிந்தாள். “உள்ளுக்குள்ள அப்பாடான்னு இருந்துச்சு. இனிமே மாசாமாசம் போய்ச் சொல்லிட்டு வான்னு சொல்ல ஆள் இல்லைன்னு.”

கொர்னியின் கண் அவள் மேல் நின்றது.

“ஆறு வருஷமா நீ பேசணும்னு கேக்குறேன். பேசினா முதல்ல அதத்தான் சொல்லுவியோன்னு பயந்துக்கிட்டே கேக்குறேன். இந்த லட்சணத்துல கர்த்தர் மேல குத்தம் சொல்றேன்.”

அவர் இடது கையை மெல்ல நீட்டி, ஈரமாயிருந்த அவள் மணிக்கட்டைப் பிடித்தார். “இல்லை,” என்றார். அது மன்னிப்பா, வருத்தமா, தண்ணீர் ஆறிவிட்டது என்கிறாரா, அவளுக்குத் தெரியவில்லை. தொட்டியில் தலை கவிழ்ந்து அழுதாள். இந்த அழுகையைப் பார்க்க ஊர் இல்லை.

மறுநாள் ஐந்து மணிக்கு அவள் முழங்கால் போடவில்லை. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, “கேட்க ஒன்றும் இல்லை, ஆண்டவரே. ஷார்ஷெனுக்கு நான் செய்தது தப்பு,” என்று மட்டும் சொன்னாள்.

ஏப்ரலில் தண்ணீர் முறை வைக்க, பள்ளிக்கூட முற்றத்தில் ஊர் கூடியது. அகாத்தா எழுந்தாள். பக்கத்து வேலியைப் பிடித்துக்கொண்டாள்.

“பதினோரு வருஷத்துக்கு முன்னாடி, சபை மேடையில அடுக்குற கோஸுக்காக மடையத் திறந்தது நான். யாரையும் பாக்கலன்னு இதே இடத்துல சொன்னேன். பொய். ஷார்ஷென் தொடவே இல்ல.”

ஊர்த்தலைவர்தான் முதலில் சுதாரித்தார். “அக்கா, வயசாயிருச்சு, உடம்புக்கு முடியல போல. பழைய கதை எதுக்கு இப்ப?”

“புத்தி சரியாத்தான் இருக்கு. அன்னைக்குத்தான் இல்ல.”

“எங்க உருளைக்கிழங்கு!” என்று கீழத்தெருக் கிழவர் ஒருவர் எழுந்தார். “அந்த வருஷம் டர்னிப் தின்னே செத்தோம். நீ என்னடான்னா சாமிக்கு கோஸ் அடுக்குனியா? உங்க சாமிக்கு கோஸ்னா அவ்வளவு ஆசையா?”

சிரிப்பு எழுந்தது. அகாத்தா அது அடங்கும்வரை நின்றாள். “அவருக்கு இல்ல, எனக்குத்தான் ஆசை,” என்றாள். “இந்த வருஷம் என் முறைத்தண்ணிய கீழத்தெருவுக்கு விட்டுருங்க.”

கூட்டத்தின் கடைசியில் ஷார்ஷென் நின்றிருந்தான். தொப்பியைக் கழற்றினான், மறுபடி போட்டுக்கொண்டான், ஆடுகளைப் பார்க்கப் போய்விட்டான்.

மூப்பர் இசாக் அன்று மாலையே வந்தார். “சொல்லணும்தான் சகோதரி. முதல்ல சபைக்குள்ள சொல்லியிருக்கலாமே? நம்ம வார்த்தைக்கு ஊர்ல ஒரு மதிப்பு இருந்துச்சு. ஒரே நாள்ல போச்சு.”

“அந்த மதிப்ப வச்சுத்தான் அவன் வாயில மண்ணப் போட்டேன், மூப்பரே.”

அவர் எழுந்து கிளம்பினார். கெட்ட மனிதரில்லை, சட்டம் அவருக்குக் கைத்தடி, அது இல்லாமல் நடக்கத் தெரியாது. சபை கூடித் தீர்மானித்தது: மூன்று மாதம் அகாத்தாவுக்கு அப்பத்தில் பங்கில்லை. அவள் மறுத்துப் பேசவில்லை. மே மாதத்து முதல் ஞாயிறு பின்பெஞ்சில் உட்கார்ந்தாள். “எல்லாருக்கும் எல்லாரோடும் சமாதானமா?” என்று மூப்பர் கேட்டார். தட்டு அவள் முன்னால் வந்து, நிற்காமல் தாண்டிப் போயிற்று.

மத்தியானம் வீட்டு வாசலில் நின்று செருப்பின் மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தாள். ஆடுகள் தெருவை அடைத்துக்கொண்டு வந்தன; பின்னால் குதிரையில் ஷார்ஷென். பதினோரு வருடமாக இந்த வாசலைத் தாண்டிப் போகிறான், ஒரு நாளும் முகம் திருப்பியதில்லை. அன்று குதிரையை நிறுத்தினான். பையிலிருந்து துணிச்சுருள் ஒன்றை எடுத்து, உள்ளே இருந்த ரொட்டியைப் பிட்டான்.

“இந்தாங்க. அனார் சுட்டது. அன்னைக்கு வாசலுக்கு வந்தவங்கள வெறும் வாயோட அனுப்பிட்டேன்னு ஆறு மாசமா என்னைத் தின்னுட்டா. அது என் தப்பு. அத நான் தீத்துட்டேன்.”

“தம்பி…”

“உங்க தப்ப மன்னிச்சிட்டேன்னு நினைச்சுக்காதீங்க. அதுக்கு நாளாகும். பதினோரு வருஷமா ஆட்டுப் பின்னாடி அலைஞ்ச உடம்பு இது, அக்கா.” கடிவாளத்தைச் சுண்டினான். கொஞ்சதூரம் போய்த் திரும்பி, “கொர்னி அண்ணன் பேசினாரா?” என்று கேட்டான்.

“இல்லை,” என்றாள் அகாத்தா. ஷார்ஷென் காதுபட அவள் சொன்ன முதல் உண்மையான ‘இல்லை’ அதுதான்.

அவன் தலையசைத்துவிட்டுப் போனான். அவள் ரொட்டியில் ஒரு துணுக்கைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு, மிச்சத்தை உள்ளே எடுத்துப் போனாள். கொர்னி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ரொட்டியைப் பாலில் நனைத்து ஊட்டினாள்.

“ஷார்ஷென் குடுத்தது,” என்றாள். “போய்ச் சொல்லிட்டேன், கொர்னி.”

அவர் நிதானமாக மென்று விழுங்கினார். “இல்லை,” என்றார். அன்றைக்கு அது அவளைக் குத்தவில்லை. அது அவருடைய சொல்லாக மட்டும் இருந்தது. சொல்லிவிட்டு, அடுத்த துண்டுக்கு வாயைத் திறந்தார்.