முட்டைக்காகச் சேலம் போய், போர்டுக்குப் புது ஃபர்ம்வேர் ஏற்றி வந்தேன்

இந்தப் பக்கத்தில் வழக்கமாகக் கோயில் போய்வந்த கதைதான் எழுதுவேன். இந்த முறை போனது சேலம் சூரமங்கலத்தில் ஒரு வீட்டு மாடிக்கு. ஆனாலும் அங்கே ஒரு நேரம் என் கை தானாகக் கும்பிட்டது. எங்கள் மகளிர் குழுவில் இன்னும் நாலு பேர் இதே இன்குபேட்டர் பெட்டியை வாங்கி வைத்திருக்கிறார்கள். அவர்களும் போக வேண்டியிருப்பதால் வழி, செலவு, நான் செய்த கோமாளித்தனம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

சித்திரை மாதம் எங்கள் பெருவிடைக் கோழி பதினோரு முட்டைமேல் அடை உட்கார்ந்திருந்தது. பாதியில் ஒரு நாய் அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. எங்களிடம் அந்த இனத்தில் அது ஒன்றுதான் இருந்தது. இனி அந்த இனம் அந்த முட்டைகளுக்குள் இருந்தால்தான் உண்டு. சூடு ஆறுவதற்குள் எடுத்து இன்குபேட்டரில் வைத்தேன். இன்குபேட்டர் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். தெர்மோகோல் பெட்டி, ஒரு பல்பு, ஒரு குட்டி ஃபேன், இவற்றை நடத்துவதற்குக் கட்டைவிரல் நீளத்தில் ஒரு போர்டு, அவ்வளவுதான்.

அந்தப் போர்டுக்கு ஒரு வியாதி. கரண்டு போய்த் திரும்பி வந்தால், நான் வைத்த முப்பத்தேழரை டிகிரியை மறந்துவிட்டு முப்பதில் போய் நின்றுகொள்ளும். பகலில் பார்த்துத் திருத்தலாம், தூங்கும்போது யார் பார்ப்பது? முன்பு வைத்த முட்டைகள் மொத்தமும் அப்படித்தான் வீணாயின. சித்திரையில் காற்றும் மழையும் வந்தால் எங்கள் பக்கம் கரண்டு எத்தனை தடவை போகும் என்று உங்களுக்கே தெரியும்.

பெட்டியைச் செய்து விற்கும் ஜெயராணிக்குப் போன் போட்டேன். மிக்ஸி, ஸ்டெபிலைசர் பழுது பார்த்துக்கொண்டிருந்த பெண், இப்போது இந்தப் பெட்டிகளையும் செய்கிறார். போர்டு என்னென்ன செய்ய வேண்டும் என்று அதற்குள்ளேயே எழுதி வைத்திருப்பதற்குப் பெயர் ஃபர்ம்வேராம். அதில் புதிது தயாராக இருக்கிறது, ஏற்றினால் மறதி போய்விடும், போர்டை மட்டும் கழற்றிக் கொண்டுவாருங்கள் என்றார்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"அப்ப நீ வர்ற வரைக்கும் நான் கோழியாட்டம் அடை உக்காரோணுமாக்கும்?"

"உக்காந்தா முட்டை ஒடஞ்சு போயிருமுங்க. சுடுதண்ணி பாட்டிலை மாத்தி மாத்தி வெச்சுக்கிட்டிருந்தாப் போதும்."

துண்டு சுற்றிய நான்கு பாட்டில்கள், ஒரு தெர்மாமீட்டர், அடுப்பில் ஒரு குண்டான் வெந்நீர். இதையெல்லாம் ஒப்படைத்துவிட்டுப் புதன்கிழமை காலை ஒன்பதே காலுக்கு மல்லசமுத்திரத்தில் பஸ் ஏறினேன். சேலம் கிட்டத்தட்ட முப்பது கிலோமீட்டர். தனியார் பஸ், டிக்கெட் முப்பது ரூபாய். போர்டைப் பருத்தித் துணியில் சுற்றி டிபன் பாக்ஸில் போட்டு மடியில் வைத்திருந்தேன். கண்டக்டர் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, கொழந்தையாட்டம் புடிச்சிருக்கீங்களே, உள்ள என்னங்கம்மா என்றார். கோழியோட மூளை சாமி என்றேன். அதற்குப் பிறகு அவர் என் பக்கமே வரவில்லை.

ஆட்டையாம்பட்டியில் பஸ் நிற்கும். ஜன்னலிலேயே முறுக்கு வரும், ஒரு பாக்கெட் வாங்கிக்கொண்டேன். வெறுங்கையோடு ஒரு வீட்டுக்குப் போகக் கூடாது. பத்தே முக்காலுக்குச் சேலம் புதிய பஸ் நிலையம். அங்கிருந்து சூரமங்கலத்துக்கு டவுன் பஸ், நம் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது.

ஜெயராணி வீட்டு மாடியில் ஒரு மேசை, ஒரு லேப்டாப், சுவரில் சீரியல் பல்பு சுற்றிய மாதா படம். அந்தப் பல்பு விட்டுவிட்டு எரிவதும் அவர் எழுதிய ஃபர்ம்வேர்தானாம். நான் கொண்டுபோன ஒயரில் போர்டை லேப்டாப்போடு சேர்த்தார். லேப்டாப்புக்கு ஒன்றும் தெரியவில்லை. இது சார்ஜ் மட்டும் ஏற்றுகிற ஒயர், சேதி போகாது என்று சொல்லி வேறு ஒயர் எடுத்தார். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன. அதற்கும் லேப்டாப் அசையவில்லை. பிறகு லென்ஸை எடுத்து, ஒயர் சொருகும் வாயைப் பார்த்தார்.

"அக்கா, இதுக்கும் பொட்டு வெச்சிருக்கீங்களா?"

"புதுசா ஊட்டுக்கு வந்ததுங்க. பொட்டு வெக்காம எப்படீங்க?"

"சரி, வெச்சீங்க. வாய்க்குள்ளயா வெப்பாங்க?"

எனக்கு அது நெற்றி மாதிரி தெரிந்தது, நான் என்ன செய்ய? சந்தனமும் குங்குமமும் உள்ளே போய்க் காய்ந்து கல்லாக இருந்தன. ஸ்பிரிட் தொட்ட பிரஷ்ஷால் சுரண்டிச் சுத்தம் செய்ததும் லேப்டாப் டிங் என்றது.

அதற்குள் மணி பன்னிரண்டு. புதன்கிழமை ராகுகாலம் பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை. முடியட்டுமே என்றேன். ஜெயராணி சிரிக்கவில்லை. முட்டை காத்திருக்குமா அக்கா என்று மட்டும் கேட்டார். வீட்டிலிருந்து கடைசியாக வந்த போனில் சூடு முப்பத்தாறுக்கு இறங்கியிருந்தது. ஆரம்பியுங்கள் என்றேன். அவர் சிலுவை போட்டுக்கொண்டார். நான் அர்த்தநாரீசுவரரை நினைத்துக்கொண்டேன்.

முதலில் பழையதை அழிக்கும், பிறகு புதியதை எழுதும், முடியும் வரை ஒயர் அசையக் கூடாது என்றார். அலங்காரத்துக்குத் திரை போட்ட சன்னதி முன்னால் நிற்பதுபோல நின்றேன். லேப்டாப்பில் எண் ஏறிக்கொண்டே போனது. முப்பது, முப்பத்தைந்து, நாற்பது. அப்போது பார்த்து என் போன் அலறியது. திடுக்கிட்டுத் திரும்பினேன். முழங்கை பட்டு டிபன் பாக்ஸ் உருண்டு ஒயர்மேல் விழுந்தது. ஒயர் பிடுங்கிக்கொண்டது.

போர்டில் மினுக்கிக்கொண்டிருந்த நீல வெளிச்சம் போய்விட்டது. திரும்பச் சொருகினாலும் வரவில்லை. பழையது அழிந்துவிட்டது, புதியது முழுதாக ஏறவில்லை. எனக்குப் பதினோரு முட்டைகளும் கண்முன் வந்தன.

"செத்துப் போச்சுங்களா?" என்றேன்.

"சாகாது அக்கா. இதுல அழிக்க முடியாத ஒரு துளி எழுத்து இருக்கு. செய்யும்போதே உள்ள பொறிச்சு உட்டது. நான் நெனச்சாலும் தொட முடியாது, கரண்டாலயும் முடியாது."

"அது என்னங்க செய்யும்?"

"ஒண்ணும் செய்யாது. அதுக்குப் பல்பும் தெரியாது, ஃபேனும் தெரியாது. சொல்றதைக் கேட்டுக்க மட்டும் தெரியும். கூப்பிட்டா முழிச்சுக்கும்."

போர்டு ஓரத்தில் எள்ளு அளவு ஒரு பட்டன் இருந்தது. அதை நக நுனியால் அமுக்கிப் பிடிக்கச் சொன்னார். நான் பிடித்திருக்கும்போதே ஒயரைச் சொருகினார். லேப்டாப் டிங் என்றது. எண் மறுபடி ஒன்றிலிருந்து ஏறத் தொடங்கியது. எழுதியது எல்லாம் போன பிறகும், எதுவுமே தெரியாமல், கேட்க மட்டும் தெரிந்துகொண்டு உள்ளே ஒன்று உட்கார்ந்திருக்கிறதே! மனுசர் செய்த பொருளுக்குள் இப்படியா! எத்தனையோ கோயில் பார்த்துவிட்டேன். அந்த இடத்தில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பட்டனை விட்டதும் என் கை தானாகக் கும்பிட்டது.

நூறு வந்தது. நீல வெளிச்சம் மினுக்கியது. போர்டை ஒரு காலிப் பெட்டியில் மாட்டி, முப்பத்தேழரை வைத்து, சுவிட்சை அணைத்துப் போட்டார். முப்பத்தேழரையே நின்றது. கூலி நூறு ரூபாய். முறுக்கை அங்கேயே மூன்று பேராக, அதாவது நாங்கள் இருவரும் அவருடைய மாமியாரும், தின்று தீர்த்தோம். அந்தப் போன் எதற்கு என்று கேட்கிறீர்களா? தயிர் எங்கே இருக்கிறது என்று கேட்க வீட்டுக்காரர் போட்டது.

நாலு மணிக்கு வீட்டில் இருந்தேன். சட்டையெல்லாம் வேர்வையாக, பெட்டி பக்கத்திலேயே ஒரு பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார். தெர்மாமீட்டரில் முப்பத்தேழு. மதியம் தயிர்ச்சோறு தின்னப் போனபோது மட்டும் கொஞ்சம் இறங்கியதாம். போர்டை எடுத்துப் பெட்டியில் மாட்டினேன்.

போகிறவர்கள் சேதி போகிற ஒயரா என்று கேட்டு வாங்குங்கள். போர்டைக் கழற்றும் முன் எந்த ஒயர் எங்கே என்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்றும்போது போனை அணைத்துவிடுங்கள். முட்டை உள்ளே இருக்கும்போது போகாமல், காலியாக இருக்கும்போதே போய் வந்துவிடுங்கள். பொட்டு கட்டாயம் வையுங்கள், ஆனால் பெட்டி மூடிமேல்.

அடுத்த வாரம் சாயங்காலம் பெருங்காற்று அடித்துக் கரண்டு போனது. கால் மணி நேரம் கழித்து வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன். பல்பு எரிந்தது, ஃபேன் சுற்றியது, முப்பத்தேழரை அப்படியே நின்றது. மனசு கேட்கவில்லை, ஒரு முட்டையை எடுத்துக் காதோடு வைத்தேன். உள்ளேயிருந்து யாரோ கொத்துகிறார்கள். வீட்டுக்காரர் என்ன என்ன என்றார். பேசாமல் இருங்கள் என்று கை காட்டினேன். வாய் ஓயாத நான் கொஞ்ச நேரம் கேட்க மட்டும் தெரிந்தவளாக நின்றேன்.