லோங்காங் மீனின் சொந்தக்காரர்கள்

புக்கிட் செலம்பாவ் தோட்டத்தில் எங்கள் லயத்துக்குப் பின்னால் ஓடிய லோங்காங்கில், அதாவது சாக்கடை வாய்க்காலில், சண்டை மீன்கள் இருந்தன. செமிலிங் பக்கம் மலையோடையில் இன்னொரு வகை. லோங்காங் மீன் நுரைக்கூடு கட்டி முட்டையைக் காக்கும். மலை மீன் வாயிலேயே வைத்துக் காக்கும். வயல் தண்ணீரில் கிடைக்கும் செப்பாட் மீனும் நுரைக்கூடு கட்டுவதால் அதுதான் லோங்காங் மீனுக்கு நெருங்கிய சொந்தம் என்பார் அண்ணன். முகம் மலை மீனின் முகம் மாதிரியே இருக்கிறதே என்பேன் நான். பள்ளி விடுமுறை முழுக்க இதே சண்டை.

இயற்பியல் படிக்கப் போன நான், உயிர்களின் வம்சமரத்தைத் தேடும் ஆய்வுக்குழுவில் வந்து சேர்ந்தேன். மீன்களின் மரபணுவை ஒப்பிட்டு, எது எதிலிருந்து பிரிந்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். எத்தனையோ கோடி மரங்கள் சாத்தியம். ஒவ்வொன்றாகப் பார்க்க ஆயுள் போதாது. அதனால் உலோகம் ஆறும் விதத்தைக் கணினிக்குச் சொல்லிக்கொடுத்தோம். பழுக்கக் காய்ச்சிய உலோகத்தில் அணுக்கள் இஷ்டத்துக்கு அலையும். மெல்ல ஆறவிட்டால் ஒழுங்காக அமரும். கணினியும் முதலில் கிளைகளை வெட்டிக் கண்ட இடத்தில் ஒட்டும், மரபணுவுக்குச் சரியாகப் பொருந்தாத மரத்தையும் ஏற்றுக்கொள்ளும். ஆற ஆறக் கண்டிப்பு கூடி, நன்றாகப் பொருந்தும் மரத்தை மட்டுமே ஏற்கும்.

முதலில் நான் கணினியை அவசரமாக ஆறவிட்டேன். ஒவ்வொரு முறையும் வேறு மரம் வந்தது. ஒருதரம் லோங்காங் மீன் செப்பாட்டோடு போய் ஒட்டிக்கொண்டது. அண்ணன் நினைவு வந்து தனியாகச் சிரித்தேன். பிறகு மிக நிதானமாக ஆறவிட்டபோது, எங்கே தொடங்கினாலும் ஒரே மரம்தான் வந்தது. லோங்காங் மீனும் மலை மீனும் ஒரே கிளையில், செப்பாட் தள்ளி.

தீபாவளிக்கு பீடோங்கில் அண்ணன் வீட்டுக்குப் போனபோது மடிக்கணினியைத் திறந்து காட்டினேன். லயமும் லோங்காங்கும் இருந்த இடத்தில் இப்போது தாமான் குடியிருப்பின் வரிசை வீடுகள். அண்ணன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். செப்பாட் என்று தான் சொன்னதே ஞாபகம் இல்லை என்றார். எனக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. அந்தச் சண்டையை இத்தனை வருஷம் நான் மட்டும்தான் சுமந்திருக்கிறேன்.

படத்தில் மலை மீனைத் தொட்டுக்காட்டி அவரே பேசினார்.

"நீ போத்தல்ல வளர்த்த மலை மீன் துள்ளி லோங்காங்ல விழுந்திருச்சுன்னு சொன்னேன்ல? விழல லா. செத்துப்போச்சு. நீ அழுவேன்னு பப்பாளி மரத்தடியில பொதைச்சிட்டேன்."

அந்த மீனைத் தேடி முழங்கால் தண்ணீரில் நான் அலைந்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. கூடவே இறங்கி, சாயங்காலம் வரை என்னோடு தேடியவர் அண்ணன்தான்.